திரட்டுவோரும் திருடுவோரும்

“இணையத்தில் கிடந்தது, எடுத்தோம். கீழே நன்றியும் போட்டோம். இதில் என்ன குற்றம் கண்டீர்?”

இப்படிக் கேட்கிறார்கள், தோழர்களே! கூசாமல் கேட்கிறார்கள். பிறர் எழுதிய செய்தியை, பிறர் எடுத்த படத்தை, பிறர் இரவெல்லாம் கண்விழித்துத் தேடித் தொகுத்த குறிப்பை அப்படியே வாரியெடுத்துத் தமது தளத்தில் பரப்புகிறார்கள். பக்கத்திலே விளம்பரத்தை நடுகிறார்கள். விழுகின்ற காசை எண்ணிக்கொண்டே, “இது தமிழ்த் தொண்டு” என்று மார் தட்டுகிறார்கள். பதிப்புரிமை என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் தேடுபொறி அவர்களது தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் மட்டும், “ஐயோ, அநீதி! அக்கிரமம்!” என்று அலறுகிறார்கள்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அவனாவது பிள்ளையாருக்கு உடைத்தான். இவர்களோ உடைத்த தேங்காயைத் தமது கடையிலேயே விற்கிறார்கள்!

எவனோ செய்கிறான், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம்மிலும் பலர் இப்பணியில் இறங்கியிருக்கிறார்கள். மாவட்டச் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டித் தருவோம், உழவர்க்கும் தொழிலாளர்க்கும் பயன்படும் அறிவிப்புகளைத் தொகுத்துத் தருவோம், நாலு திசையிலும் சிதறிக் கிடக்கும் நல்ல கட்டுரைகளை நாடறியச் செய்வோம் என்று இளைஞர்கள் ஆவலோடு தளங்களைத் தொடங்குகிறார்கள். ஆவல் பாராட்டத்தக்கது. ஆனால் வழி தெரியாத ஆவல் வழக்கில் கொண்டுபோய் விடும். வழக்கு வராவிட்டாலும், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் தளத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். உழைப்பின் பெருமையை மேடையிலே முழங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஒரு செய்தியாளனின் உழைப்பைக் கூலி கொடாமல் அள்ளிக்கொண்டால், ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். திரட்டுவது வேறு; திருடுவது வேறு. இரண்டையும் பிரிக்கின்ற கோடு ஒன்றுதான். படிக்க வந்தவனை எழுதியவனிடம் அனுப்பி வைக்கிறாயா, அல்லது எழுதியவனிடம் போகவே தேவையில்லை என்று வழியிலேயே மடக்கிக்கொள்கிறாயா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொல்கிறவனுக்கு, வழக்குமன்றத்திலும் பெரும்பாலும் தொல்லையில்லை, தேடுபொறியிடமும் தொல்லையில்லை. இரண்டும் இரு வேறு தொல்லைகள் என்று எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்!

நூறாண்டுக்கு முந்திய திருட்டு

இந்த நோய் இணையத்தோடு பிறந்தது என்று எண்ணாதீர்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹெர்ஸ்ட் என்னும் பத்திரிகைக் கோமானுக்குச் சொந்தமான ‘இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ்’ என்ற செய்தி நிறுவனம், பிரிட்டனின் கோபத்துக்கு ஆளாயிற்று. 1916இல் பிரிட்டன் அதற்குத் தந்திக் கம்பியை மறுத்துவிட்டது. போர்முனைச் செய்தி வருவதற்கு வழியில்லை. அந்த நிறுவனம் என்ன செய்தது? போட்டியாளரான ‘அசோசியேட்டட் பிரஸ்’ நிறுவனத்தின் செய்திகளை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அறிவிப்புப் பலகைகளிலிருந்தும், விடியற்காலைப் பதிப்புகளிலிருந்தும் பார்த்தெடுத்து, மேற்குக் கரையிலுள்ள தன் ஏடுகளுக்குத் தந்தி அடித்தது! கிழக்கே விடியும்போது மேற்கே இருட்டு. அந்தச் சில மணி நேர இருட்டிலே நடந்தது அந்த வணிகம்.

வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1918 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நிகழ்ச்சி என்பது யாருக்கும் தனிச் சொத்து அன்று. ஆனால், பணமும் உழைப்பும் செலவிட்டுச் செய்தியைக் கொணர்ந்தவனது விளைச்சலை, விதைக்காத போட்டியாளன் அறுத்துக்கொள்ளக் கூடாது என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி பிராண்டைஸ் மாறுபட்டார். வெளியிடப்பட்டுவிட்ட உண்மைகள் எல்லோருக்கும் பொது, அவற்றைப் பூட்டி வைக்கும் உரிமையை நீதிமன்றம் புதிதாகப் படைக்கக் கூடாது என்று வாதிட்டார்.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, தோழர்களே! அதனால்தான் பிந்திய காலத்துச் சட்டம் இரண்டையும் பிரித்து வைத்தது. உண்மை பொது; அதைச் சொன்ன சொல் தனி. 1991இல் தொலைபேசி விவரப் புத்தகம் பற்றிய ஒரு வழக்கில், வெறும் பெயரும் எண்ணும் அகரவரிசையில் அடுக்கப்பட்டதற்குப் பதிப்புரிமை இல்லை என்று அதே அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறியது. அணையில் எத்தனை அடி நீர் என்பதைச் சொல்ல எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அணைக்கரையில் நின்று ஒரு செய்தியாளன் எழுதிய நாலு பத்தி, அவனுடைய நாலு பத்திதான்!

பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர்

இணைய காலத்துக்கு வருவோம். நார்வேயில் தோன்றி உலகெங்கும் கிளை பரப்பிய ‘மெல்ட்வாட்டர்’ என்ற நிறுவனம், நாளேடுகளின் தளங்களிலிருந்து செய்திகளின் தலைப்பையும், முதற்பத்தியையும், வேண்டிய சொல்லைச் சுற்றியுள்ள வரிகளையும் எடுத்துத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கட்டணத்துக்கு அனுப்பியது. 2012இல் அசோசியேட்டட் பிரஸ் வழக்குத் தொடுத்தது. “நாங்கள் தேடுபொறியைப் போன்றவர்கள், மூலச் செய்திக்கு வழி காட்டுகிறோம், இணைப்புக் கொடுத்திருக்கிறோம்” என்றது மெல்ட்வாட்டர்.

அழகான வாதம்! நியூயார்க் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை பேர் அந்த வழியாக மூலச் செய்திக்குச் சென்றார்கள் என்று பார்த்தது. நூற்றுக்கு 0.08! பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர்! வழிகாட்டி என்று பெயர். ஆனால் அந்த வழியிலே ஆள் நடமாட்டம் இல்லை. செய்தியின் சாரம் முதற்பத்தியிலேயே இருக்கிறது. அதை உறிஞ்சிக் கொடுத்துவிட்டால் மீதியை எவன் தேடிப் போவான்? 2013 மார்ச்சில், இது நியாயமான பயன்பாடு அன்று என்று தீர்ப்பு வந்தது.

இதற்கு நேர் மாறான காட்சியையும் பாருங்கள். ஸ்வீடனில் ஒரு நிறுவனம், ஏடுகளில் வந்த கட்டுரைகளுக்கு இணைப்புகளை மட்டும் தொகுத்து வாடிக்கையாளருக்குத் தந்தது. கட்டுரை எழுதிய செய்தியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், எல்லோரும் படிக்கும்படி உரிமையாளரே திறந்து வைத்த பக்கத்துக்கு இணைப்புத் தருவதற்கு அவரது அனுமதி தேவையில்லை என்று கூறியது. அதே நீதிமன்றம் 2016இல் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தது: ஆதாய நோக்கோடு தளம் நடத்துகிறவன், திருட்டுச் சரக்கு வைத்திருக்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுத்தால், தெரிந்தே கொடுத்தான் என்றுதான் கொள்ளப்படும், தெரியாது என்பதை அவன்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

இணைப்பு ஒரு கைகாட்டி. கைகாட்டி நடுவது குற்றமில்லை. கைகாட்டியின் கீழே அடுத்த ஊரையே பெயர்த்து வந்து வைத்துவிட்டு, “இதோ கைகாட்டி” என்றால்தான் குற்றம்!

நன்றி அனுமதியாகுமா?

“அதெல்லாம் அயல்நாட்டுக் கதை, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?” என்பார் உண்டு. அவர்களுக்காக நமது நாட்டுச் சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. எழுதியவன் எங்கும் சென்று பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிய கணமே உரிமை பிறக்கிறது. அவன் வாழ்நாள் முழுவதும், மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நிற்கிறது. ஆதாயத்துக்காக அதை அறிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தின் முன்னே நம் ‘எடுத்தாளும்’ நண்பர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவோம்.

“நன்றி போட்டோமே!” என்பது முதல் வாதம். அதிலும் எத்தகைய நன்றி? ‘நன்றி: இணையம்’! எழுதியவனுக்குப் பெயரில்லை, ஏட்டுக்குப் பெயரில்லை, இணையத்துக்கு நன்றியாம். வயலில் நெல்லை அறுத்துக்கொண்டு ‘நன்றி: பூமி’ என்று பலகை எழுதி வைத்தால் உழுதவன் விடுவானா? பெயர் சொல்வது கடமை; ஆனால் பெயர் சொல்வதே அனுமதி ஆகிவிடாது. அனுமதி கேட்டுப் பெறுவது. நன்றி பெற்றபின் சொல்வது. கேளாமல் எடுத்தவன் சொல்லும் நன்றி வெறும் வாக்குமூலம்!

“மொழிபெயர்த்துவிட்டோம்; இனி இது எங்களுடையது” என்பது இரண்டாம் வாதம். தமிழ்த் தளங்களிலே இது மிகுதி. ஆங்கில ஏட்டின் கட்டுரையைத் தமிழில் தந்துவிட்டால் தமிழுக்குச் செல்வம் சேர்த்தோம் என்ற இறுமாப்பு வேறு. மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவனுக்கே உரியது என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. செய்தியைப் படித்து, புரிந்து, நமது நடையில் நாமே எழுதுவது வேறு. வரிக்கு வரி பெயர்ப்பது வேறு.

“நாலு சொல்லை மாற்றிவிட்டோம்” என்பது மூன்றாம் வாதம். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் தம் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட வடிவத்துக்கே உண்டு என்று இந்திய உச்சநீதிமன்றம் விளக்கியது. அந்த வழக்கில் அவர் தோற்றார். காரணம், படம் வேறாக இருந்தது. ஆனால் படித்தவன் ‘இது அதன் நகல்’ என்று உடனே சொல்லும்படி இருந்தால், சொல் மாற்றிய சாமர்த்தியம் காப்பாற்றாது என்பதும் அந்தத் தீர்ப்பின் பாடம். சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டால் ஆள் மாறிவிடுவானா?

“சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே” என்பது நான்காம் வாதம். இருக்கிறது. 52ஆம் பிரிவில் பல விலக்குகள் இருக்கின்றன. திறனாய்வுக்காகவும், நடப்பு நிகழ்ச்சிகளை அறிவிப்பதற்காகவும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். நடப்பு அரசியல், பொருளாதார, சமூக, சமயக் கட்டுரைகளை, ஆசிரியர் வெளிப்படையாகத் தடுக்காவிடில், இதழ்கள் மறுவெளியீடு செய்யவும் வழியுண்டு. ஆனால், ‘அனைத்து உரிமைகளும் காப்புடையவை’ என்று அடியிலே எழுதி வைக்காத நாளேட்டுத் தளம் எங்கே இருக்கிறது? அந்த ஒரு வரி இருக்கும் இடத்தில் இந்தக் குடை விரியாது.

இதே 52ஆம் பிரிவில் இன்னொரு விலக்கைப் பாருங்கள். நம் வாதத்துக்கு அதுவே முத்தாய்ப்பு. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தை யார் வேண்டுமாயினும் வெளியிடலாம். ஆனால் அதனோடு விளக்கவுரையோ சொந்தமாக எழுதிய வேறு பகுதியோ சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. மக்களின் சட்டத்தையே வெறுமனே நகலெடுக்காதே, உன் உழைப்பையும் அதிலே சேர் என்கிறது! பிறன் எழுதிய கட்டுரைக்கு மட்டும் அந்த அறம் வேண்டாமா?

தேடுபொறி ஏன் தள்ளுகிறது?

இனித் தேடுபொறியின் கோபத்தைக் காண்போம். “கூகுள் எங்களைப் பழிவாங்குகிறது” என்பது இவர்தம் ஒப்பாரி. பழி ஏதுமில்லை, கணக்குத்தான். ஒரே கட்டுரை நூறு தளங்களிலே இருந்தால், நூறையும் அது காட்டாது. மூலம் என்று அதற்குத் தோன்றுகின்ற ஒன்றை முன்னே வைத்து, மற்றவற்றை ஒதுக்கும். நகல் வைத்திருப்பதற்காகச் சவுக்கடி இல்லை. நகலுக்கு முன்வரிசை இல்லை, அவ்வளவே.

ஆனால் நகலே தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சவுக்கடியும் உண்டு. 2011 பிப்ரவரியில் கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அது தேடல்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கின் வரிசையை மாற்றியது. கூலிக்குக் குப்பை எழுதிக் குவித்த பண்ணைத் தளங்களும், பிறர் எழுத்தை உரித்து ஒட்டிய தளங்களும் ஒரே வாரத்தில் சரிந்தன. 2012 ஆகஸ்டில் இன்னொரு விதி: ஒரு தளத்தின்மீது செல்லத்தக்க பதிப்புரிமைப் புகார்கள் பெருகினால், அத்தளம் தேடல் வரிசையிலே கீழே இறங்கும். 2024 மார்ச்சில் மற்றொன்று: எந்திரம் கொண்டோ ஆள் கொண்டோ, தேடல் வரிசைக்காகவே பயனற்ற பக்கங்களை மூட்டை மூட்டையாகக் குவித்தால் அது குற்றம்.

2012இன் விதியை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பதிப்புரிமைப் புகாரே தேடுபொறியின் தண்டனை ஆகிறது! ‘சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார், தேடுபொறியைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார்’ என்று பங்கு பிரித்தவர்களின் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்துப் பேராசை

சரி, ஏட்டு முதலாளிகள் எல்லாம் ஏழைக் குழந்தைகளா? இல்லை, தோழர்களே! செய்தியாளனின் உரிமையைப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கைகாட்டிக்கே வரி கேட்டவர்கள் அவர்கள்.

ஸ்பெயினில் 2014இல் ஒரு சட்டம் கொணர்ந்தார்கள். செய்தித் துணுக்கைக் காட்டும் திரட்டிகள் ஏடுகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ‘எனக்கு வேண்டாம், இலவசமாகக் காட்டு’ என்று ஒரு சிற்றேடு சொன்னாலும் செல்லாது! விளைவு? 2014 டிசம்பர் 16ஆம் நாள் கூகுள் தன் செய்தித் திரட்டியை ஸ்பெயினில் மூடிவிட்டது. திரும்பத் திறந்தது 2022 ஜூனில்தான். இடையிலே நலிந்தவர் யார்? பெயர் பெற்ற பேரேட்டை மக்கள் நேரே தேடிப் போவார்கள். கைகாட்டியை நம்பியிருந்தவை சிறு திரட்டிகளும் சிற்றேடுகளும்தான். பெரியவர்கள் போட்ட வலையில் சிறு மீன்களே சிக்கின.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2013இல் அதுபோன்ற உரிமையைச் சட்டமாக்கிக்கொண்ட ஏட்டு முதலாளிகளில் பெரியவரான ‘ஆக்செல் ஸ்பிரிங்கர்’ நிறுவனம், 2014இல் தன் ஏடுகள் சிலவற்றின் துணுக்குகளைக் கூகுள் காட்டக் கூடாது என்று நின்றது. இரண்டே வாரம்! தேடுபொறி வழியே வந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தார்கள். கூகுள் செய்தித் திரட்டி வழியே வந்தவர்கள் நூற்றுக்கு 80 அளவு குறைந்தார்கள். வீறாப்புடன் நின்றவர்கள் விரைந்து இறங்கி வந்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நேர்மையான கைகாட்டி ஒட்டுண்ணி அன்று. எழுதியவனுக்கு அது ஊட்டம். மெல்ட்வாட்டர் பத்தாயிரத்துக்கு எட்டுப் பேரை அனுப்பியது. நல்ல திரட்டியோ, எடுத்துவிட்டால் ஏடே தள்ளாடும் அளவுக்கு ஆட்களை அனுப்புகிறது. இரண்டுக்கும் ‘திரட்டி’ என்று ஒரே பெயரைச் சூட்டி, ஒன்றின் பாவத்தை மற்றதன் தலையில் கட்டுவது முதலாளிகளின் தந்திரம். ஒன்றின் புண்ணியத்தை மற்றது தனக்கென்று கொண்டாடுவது திருடர்களின் தந்திரம். இரு தந்திரங்களையும் நாம் மறுக்கிறோம்.

காவற்காரனுடைய கைகள் தூய்மையா என்றும் கேட்கத்தான் வேண்டும். நகலெடுத்தவர்களைத் தண்டித்த அதே கூகுள், 2024 மே முதல், தேடியவனுக்குச் செயற்கை அறிவு எழுதிய சுருக்கத்தைப் பக்கத்தின் உச்சியிலேயே கொடுக்கத் தொடங்கியது. பலர் எழுதியதைப் படித்துப் பிழிந்த சாறு அது. சாறு கையிலே கிடைத்தபின் தோட்டத்துக்கு எவன் போவான்? 2024 நவம்பரில் ‘ஏ.என்.ஐ.’ என்ற இந்தியச் செய்தி நிறுவனம், ‘ஓப்பன் ஏஐ’ நிறுவனத்தின்மீது டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது, தன் செய்திகளைக் கேளாமல் எடுத்து எந்திரத்துக்கு ஊட்டினார்கள் என்பதற்காக. 1918இல் எழுந்த அதே கேள்வி இன்று புது உடை உடுத்து நிற்கிறது. சிறியவனிடம் நாம் கேட்கும் அறத்தைப் பெரியவனிடமும் கேட்போம். ஆனால் கேட்கும் நம் கை முதலில் கறையற்றதாக இருக்க வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

தமிழுக்கு இந்த அறம் புதியதன்று. 2004இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியை மூத்த இணையத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வலைப்பூ எழுதியவர் தாமே முன்வந்து தம் வலைப்பூவை அதில் சேர்த்தார். இடுகையின் தலைப்பும் சில வரிகளும் அங்கே தெரியும். முழுதும் படிக்க எழுதியவரின் வீட்டுக்கே போக வேண்டும். அனுமதி முன்னே, வழிகாட்டல் பின்னே! அதனால்தான் அறியப்படாத எழுத்தாளர் பலர் அதன் வழியே வாசகரைப் பெற்றார்கள். ‘திரட்டி’ என்னும் சொல்லே அந்தக் காலத்தில் தமிழ் இணையத்தில் வேரூன்றிய சொல்தான். அந்தச் சொல்லின் மானத்தைக் காப்பது நம் பொறுப்பு.

எனவே தளம் நடத்தும் தோழர்கள் இவற்றை நெஞ்சில் எழுதிக்கொள்க.

தலைப்பையும் சுருக்கத்தையும் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று வரி போதும். முதற்பத்தியை உரித்து எடுக்காதீர்கள். செய்தியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எழுதியவர் பெயரும் ஏட்டின் பெயரும் பொடி எழுத்தில் ஒளியாமல் கண்ணில் படட்டும். இணைப்பு நேரே மூலப் பக்கத்தைத் திறக்கட்டும். பிறர் பக்கத்தை உங்கள் சட்டத்துக்குள் அடைத்துக் காட்டாதீர்கள்.

படத்தைத் தொடாதீர்கள். கட்டுரைக்கு ஓர் உரிமையாளர், படத்துக்கு வேறோர் உரிமையாளர் இருப்பார். ஒருவர் தந்த இசைவு மற்றவரைக் கட்டாது.

முழுக் கட்டுரையும் வேண்டுமா? எழுதிக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பவர்கள் நீங்கள் எண்ணுவதைவிட அதிகம். எழுத்தில் வந்த இசைவைப் பத்திரப்படுத்துங்கள். அவ்வாறு வெளியிடும்போது, மூலம் இன்ன பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘கேனானிக்கல்’ குறியை இடுங்கள். 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட குறி அது. உரியவனுக்கு உரிய இடத்தை நீங்களே விட்டுக்கொடுத்தால், உங்கள்மீது நகல் பழி விழாது.

கேட்காமலே எடுக்கக் கூடிய செல்வமும் ஏராளம். பாரதியார் தொடங்கித் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களின் நூல்கள் உண்டு. படைப்பாக்கப் பொதுமம் எனப்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஆசிரியர்களே திறந்து வைத்த எழுத்துகள் உண்டு. அவற்றின் நிபந்தனைகளை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும். அரசிதழில் வந்தவை உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஊற்று இவ்வளவு இருக்க, அடுத்தவன் குடத்தை ஏன் கவிழ்க்க வேண்டும்?

செய்தியோடையில் ஆசிரியர் சுருக்கம் மட்டும் தந்திருந்தால் சுருக்கத்தோடு நில்லுங்கள். ‘எந்திரங்கள் இங்கே நுழையற்க’ என்று ரோபாட்ஸ் கோப்பில் எழுதியிருந்தால் நுழையாதீர்கள். 1994 முதல் இணையம் காத்துவரும் நாகரிகம் அது. உங்கள் தளத்தில் வெறும் இணைப்புப் பட்டியலாக மட்டும் நிற்கும் பக்கங்களைத் தேடுபொறி பட்டியலிட வேண்டாம் என்று ‘நோ இண்டெக்ஸ்’ குறியிட்டு ஒதுக்குங்கள். உங்கள் உழைப்பு உள்ள பக்கங்களை மட்டும் முன்னே நிறுத்துங்கள்.

புகார் வந்தால் வாதாடத் தொடங்காதீர்கள். புகாருக்கென ஒரு முகவரியை முகப்பிலேயே வையுங்கள். இணைப்பு வழங்குவோருக்கு எழுத்து வடிவில் புகார் வந்தால் 36 மணி நேரத்தில் அதைத் தடுத்து வைக்க வேண்டும் என்பதும், 21 நாளில் புகார் தந்தவர் நீதிமன்ற ஆணை கொணராவிட்டால் திரும்பத் திறக்கலாம் என்பதும் நம் நாட்டு விதி. அதுவரை காத்திருக்காமல் அன்றே கவனிப்பவனுக்கு நண்பர்கள் மிகுவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதேனும் ஒன்றைச் சேருங்கள்! ஒரே செய்தியை ஐந்து ஏடுகள் எப்படி எப்படித் திரித்தன என்று ஒப்பிட்டுக் காட்டுங்கள். இன்று வந்த அறிவிப்புக்கும் மூன்றாண்டுக்கு முன் தந்த வாக்குறுதிக்கும் உள்ள தொலைவை அளந்து காட்டுங்கள். மாவட்டத்தின் பத்துச் செய்திகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒற்றைச் செய்தி சொல்லாத உண்மையை வரிசை சொல்லும்படி செய்யுங்கள். அந்தத் தேர்வும் அடுக்கும் விளக்கமும் உங்களுடைய உழைப்பு. 2007இல் தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கில், தீர்ப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் பதிப்பாசிரியர் தம் அறிவைச் செலுத்திச் சேர்த்த தலைக்குறிப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்று இந்திய உச்சநீதிமன்றமே கூறியிருக்கிறது. ஆம்! தொகுப்பவனுக்கும் உரிமை உண்டு, அவன் தன் மூளையைச் செலவழித்தால்!

“இவ்வளவும் செய்தால் தளம் மெல்லத்தானே வளரும்?” என்பீர்கள். மெல்லத்தான் வளரும். வாரி ஒட்டியவனது தளம் மூன்று மாதத்தில் முளைத்து, ஒரே இரவில் சாயும். நீங்கள் நட்டது நிற்கும்.

ஒரு சிற்றூரிலே, மழையில் நனைந்து, பேருந்துக்குக் காத்திருந்து, அலுவலகக் கதவுகளில் அலைந்து, ஒருவன் ஒரு செய்தியைக் கொணர்கிறான். அவன் ஏட்டுக்கு வாசகன் வந்தால்தான் அவனுக்கு ஊதியம். வாசகனை நாம் வழியிலே மடக்கிக்கொண்டால், அடுத்த மாதம் அந்த ஊரில் செய்தியாளன் இருக்கமாட்டான். செய்தியாளன் இல்லாத ஊரில் ஊழலுக்குச் சாட்சி இல்லை. ஏழையின் குறைக்கு வாய் இல்லை. அப்போது திரட்டுவதற்கு நமக்கு என்ன மிஞ்சும்?

கைகாட்டியாக நில்லுங்கள், தோழர்களே! கைகாட்டி தான் நகர்வதில்லை. ஆனால் ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. இன்றே உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். ‘நன்றி: இணையம்’ என்று எங்கேனும் இருந்தால், அதை முதலில் துடைத்தெறியுங்கள். அந்த இடத்தில் எழுதியவனின் பெயரை எழுதுங்கள். அவன் வாசலுக்கு வழி வையுங்கள். உங்கள் சொந்தச் சொல் நாலைச் சேருங்கள். எழுதியவன் இசையாத முழுக் கட்டுரை இருந்தால் நீக்கிவிடுங்கள். அதன்பிறகு வழக்குமன்றத்தைக் கண்டும் அஞ்ச வேண்டாம். தேடுபொறியைக் கண்டும் அஞ்ச வேண்டாம்!